துன்பம் முன்னே, குணம் பின்னே

காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கினால் சில மணி நேரத்தில் உடல் வியர்த்துச் சூடு தணிகின்றது. தலைவலிக்கு விழுங்கினால் சற்று நேரத்தில் வலி மறைகின்றது. மருந்து என்றால் உடனே பயன் தரவேண்டும். தராவிடில் அது நமக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து என்றே நாம் கணக்கிட்டுப் பழகியிருக்கிறோம். இந்தக் கணக்குப் பொய்த்துப்போகின்ற மருந்து ஒன்று உண்டு. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையே அது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டுத் தலைவி பல மாதங்களாக உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, காரணம் சொல்லத் தெரியாமல் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறார். மிகுந்த தயக்கத்திற்குப் பின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுகிறார்கள். மாத்திரை தொடங்கி இன்று நான்காம் நாள். காலையில் குமட்டல்; நண்பகலில் கண்கள் தாமே செருகுகின்றன; கைகளில் இலேசான நடுக்கம். துயரமோ எள்ளளவும் குறையவில்லை. “எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவளை இந்த மாத்திரை படுக்க வைத்துவிட்டதே!” என்கிறார் மாமியார். “உனக்கு இது வேண்டாம்மா, நிறுத்திவிடு” என்கிறார் கணவர். அன்பினால் சொல்லப்படும் சொற்களே இவை. ஆயினும், மருந்து தன் வேலையைத் தொடங்குமுன்னரே அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகின்றது. நோய் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது.

இத்தகைய முடிவு பல வீடுகளில் எடுக்கப்படுவதால், இம்மருந்தின் முதற்சில வாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே நாம் அறிந்துகொள்வது நலம்.

ஏன் இந்தத் தாமதம்?

1956ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் முன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் குன் என்னும் மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்தைக் கடுமையான மனச்சோர்வுற்றோருக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தேறினர். 1957இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அதன்பின் அமிட்ரிப்டிலின் வந்தது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளுவாக்செட்டின் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது. இன்று செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை பரவலாக வழங்கப்படுகின்றன. வாய்வழி உட்கொள்ளும் இம்மாத்திரைகள் பலவாயினும் குணம் ஒன்றே: இவற்றின் பயன் மெல்ல மெல்லவே வந்து சேரும்.

நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குச் சில இரசாயனப் பொருள்களைத் தூதாக அனுப்புகின்றன. செரட்டோனின் என்பது அவற்றுள் ஒன்று. தூது முடிந்தபின் அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இம்மருந்துகளுள் பெரும்பாலானவை அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. இந்தத் தடுப்பு முதல் மாத்திரையை உண்ட சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. ஆனால், மூளை தனக்கென ஒரு கடிவாளம் வைத்திருக்கின்றது. தூதுப்பொருள் மிகுவதைக் கண்டதும் அதை அனுப்பும் அளவை அது குறைத்துவிடுகின்றது. அந்தக் கடிவாளம் தளரவும் நரம்பணுக்கள் புதிய நிலைக்குப் பழகவும் சில வாரங்கள் செல்லும். தாமதத்திற்கு இதுவே முக்கிய காரணம் என மருத்துவர் கருதுகின்றனர்.

வயிறோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கின்றது. எனவேதான் குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதல் நாட்களிலேயே தலைகாட்டுகின்றன. துன்பம் முன்னே வருகின்றது. குணம் பின்னே வருகின்றது. தொடக்கத் தொல்லைகளுள் பெரும்பாலானவை ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். மருந்தின் பயன் இரண்டு வாரங்களுக்குப் பின் சிறிது தெரியத் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களில் தெளிவாகும். பலருக்கு முதலில் உறக்கமும் பசியும் சீர்பட்டு, அதன் பின்னரே மனம் இலேசாகின்றது.

அயர்ச்சியைச் சமாளித்தல்

தொடக்க நாட்களில் பலரையும் அச்சுறுத்துவது அயர்ச்சியே. அதற்கு மூன்று ஊற்றுகள் இருக்கலாம். முதலாவது, நோயே தருகின்ற களைப்பு. இரண்டாவது, மருந்து தருகின்ற மயக்கம். மூன்றாவது, இரத்தசோகை, தைராய்டுக் குறைவு போன்ற வேறு உடற்குறைகள். மூன்றாவதை இரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும்; எனவே மருத்துவர் அதற்கு எழுதித் தந்தால் வீண் செலவு என்று ஒதுக்கிவிடலாகாது.

மாத்திரையை எந்நேரத்தில் உண்பது என்பதும் பெரிதும் கவனிக்கத்தக்கது. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் ஆகியவை உறக்கத்தை மிகுவிப்பதால் பெரும்பாலும் இரவில் தரப்படுகின்றன. ஃபுளுவாக்செட்டின் சிலருக்கு உறக்கத்தைக் கெடுப்பதால் காலையில் தரப்படுகின்றது. ஒரே மருந்து ஒருவரை உறங்கச் செய்யும். மற்றொருவரை விழித்திருக்கச் செய்யும். பகலில் தள்ளாட்டமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சில வேளைகளில் அவர் பாதி அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்.

களைப்பு மேலிடும்போது நண்பகலுக்குப் பின் அரைமணி நேரம் கண்ணயர்வதில் தவறில்லை. அதற்கு மேல் படுத்திருந்தால் இரவு உறக்கம் கெடும். காலை வெயிலில் கால்மணி நேரம் மெதுவாக நடப்பது நல்லது. வேலைகளைச் சிறு துண்டுகளாக்கி, இன்று ஒன்று, நாளை ஒன்று எனச் செய்யலாம். மாலைக்குப் பின் காப்பி, தேநீர் வேண்டாம். மது அறவே கூடாது. அது மயக்கத்தையும் மனச்சோர்வையும் ஒருங்கே பெருக்கும். சளிக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும் உறக்கத்தைக் கூட்டுவன. மருந்து உடலுக்கு எப்படிப் படிகின்றது என்று தெரியும்வரை ஸ்கூட்டர் ஓட்டுவதையும் இயந்திரங்களில் வேலை செய்வதையும் தள்ளிவைப்பதே பாதுகாப்பு.

பிற தொல்லைகள்

குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையை உணவுக்குப் பின் உண்ணலாம். வயிறு நிரம்ப இருமுறை உண்பதைவிட, கஞ்சி, இட்லி போன்ற எளிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நன்று. வாய் வறண்டால் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் பருகலாம். அமிட்ரிப்டிலின் உண்பவருக்கு மலச்சிக்கல் வரக்கூடும்; கீரையும் பழமும் தண்ணீரும் உதவும். எழுந்தவுடன் தலை சுற்றுமானால், கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பின் எழவேண்டும்.

தலைவலிக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றோடு ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகின்றது. வீட்டிலுள்ள எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டிவிடுதல் அறிவுடைமை.

இல்லற உறவில் விருப்பம் குறைவதும் இம்மருந்துகளுள் பலவற்றின் விளைவே. இதை வெளியே சொல்லக் கூசி, மாத்திரையை மௌனமாக நிறுத்திவிடுவோர் பலர். குமட்டலைப் போல இது தானே மறையுமென எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சீர்செய்ய வழியுண்டு. கணவனும் மனைவியும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கவேண்டிய செய்தி இது.

பொறுத்திருக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சில அறிகுறிகள் தோன்றினால் அன்றே மருத்துவரை நாடவேண்டும்.

ஓரிடத்தில் உட்கார முடியாத பதற்றம், கடுஞ்சினம், ‘நான் இருந்து என்ன பயன்?’ என்பது போன்ற பேச்சு ஆகியவை முதலாவது. இளைஞரிடம் இது தனிக் கவனத்திற்குரியது. சிறுவரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் எச்சரித்தது. 2007இல் அவ்வெச்சரிக்கையை 24 வயது வரை விரித்தது. எந்த வயதினராயினும், மனத்துயர் நீங்குமுன் உடலில் தெம்பு திரும்பும் வாரங்கள் கவனத்திற்குரியவை. ஆகவே மாத்திரைகளை வீட்டார் ஒருவர் தம் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துத் தருவது நலம். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தையே தாக்கும்.

இரண்டாவது, உறக்கமே இல்லாதிருந்தும் களைப்புத் தெரியாமல், மிகுந்த உற்சாகத்தோடு இடைவிடாது பேசுவதும் கைப்பணத்தை வாரியிறைப்பதும். இது குணமானதன் அடையாளமன்று. நோய் வேறு உருவெடுத்ததன் அடையாளமாக இருக்கலாம். மூன்றாவது, முதியோருக்கு வரும் குழப்பமும் மீறிய மயக்கமும். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்போருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து இவ்வாறு நேரலாம். நான்காவது, கடுங்காய்ச்சலோடு தசை விறைப்பும் துடிப்பும் மனக்குழப்பமும் சேர்ந்து வருதல். இதற்கு உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். மன உளைச்சலில் ஆலோசனை நாடுவோர்க்காக நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகின்றது. அதன் எண் 14416. தமிழிலும் பேசலாம்.

வீட்டார் கடமை

இந்த வாரங்களில் நோயாளியைத் தாங்கவேண்டியவர்கள் வீட்டாரே. நோயாளி பகலில் படுத்திருப்பது சோம்பலன்று என்பதை முதலில் வீட்டார் உணரவேண்டும். “செபித்தால் போதாதா? மாத்திரை எதற்கு?” என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவரிடம் நாம் அவ்வாறு கேட்பதில்லை அன்றோ? நோயுற்றவருக்காகச் செபிப்போம்; அதே கையால் வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்போம்.

ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரு வரி எழுதிவையுங்கள்: எத்தனை மணி நேரம் உறங்கினார், எவ்வளவு உண்டார், என்ன தொல்லை இருந்தது. இரண்டாம் வாரத்தில் மருத்துவரிடம் செல்லும்போது அந்த ஏடே பேசும். ஏற்படும் சிறு முன்னேற்றம் நோயாளிக்குத் தெரியுமுன் வீட்டாருக்குத் தெரிவதும் உண்டு. “நேற்று நீங்களாகவே எழுந்து தலைவாரிக்கொண்டீர்கள்” என்ற ஒரு சொல் அவருக்கு எத்தனை தெம்பு!

ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து உண்ணலாகாது. மனம் தெளிந்தபின்னும் குறைந்தது ஆறு மாதங்களேனும் மருந்தைத் தொடருமாறு மருத்துவர் சொல்வார். இடையில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. போதைப்பொருளைப் போல மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை இம்மருந்துகள் உண்டாக்குவதில்லை. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு முதலியன வரும். நிறுத்துவதும் படிப்படியாக, மருத்துவர் சொற்படியே நடக்கவேண்டும்.

மாத்திரை தொடங்கும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதிலிருந்து 14ஆம் நாளையும் 42ஆம் நாளையும் வட்டமிடுங்கள். முதல் வட்டம் வரை வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கடந்துபோகக் கூடியவை. இரண்டாம் வட்டத்திலும் பயன் தெரியாவிடில் மருத்துவர் அளவை உயர்த்துவார், அல்லது வேறு மருந்து தருவார். ஒன்று பயன்படாதவருக்கு மற்றொன்று பயன்படுவதை மருத்துவ உலகம் நன்கு அறியும். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற தீர்ப்பை நான்காம் நாளில் நாமே எழுதிவிட வேண்டாம். அதை மருத்துவரோடு கலந்து, உரிய நாளில் எழுதுவோம்.