குடலுக்குள் ஒரு கூட்டணி

போலியோ சொட்டு மருந்து பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையிலேயே நன்றாகப் பலித்தது. வேலூர்க் குழந்தைகளுக்கு அது போதவில்லை என்பதை 1970-களிலேயே கண்டு சொன்னவர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். அதே மருந்து, அதே அளவு. பிறகு ஏன்?

சந்தேகம் குடலின் மேல் விழுந்தது. அங்கு வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் செரிமானத்துக்கு மட்டும் உதவுபவை அல்ல. 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு, எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தது. பிறகு ஃபுளூ வைரஸைச் செலுத்தியது. வைரஸ் தாக்குவது நுரையீரலை. ஆனாலும் அந்த எலிகளின் எதிர்ப்பு தளர்ந்தது, வைரஸ் பெருகியது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை மலக்குடல் வழியே செலுத்தியதும் எதிர்ப்பு மீண்டது! குடலிலிருந்து வரும் சமிக்ஞைதான் நுரையீரலின் காவல் செல்களைத் தயார்நிலையில் வைத்திருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் 'நல்ல பாக்டீரியா' விளம்பரங்களுக்கு வசதியாக இருக்கும். அதே ஆண்டு டெக்சாஸில் ஜூலி ஃபைஃபரின் குழு கண்டது நேர்மாறானது. குடல் பாக்டீரியா குறைந்த எலிகளை போலியோ வைரஸ் அவ்வளவாகக் கொல்லவில்லை. பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டுதான் அந்த வைரஸ் வலுப்பெறுகிறது. ஃபுளூவுக்கு எதிரி, போலியோவுக்குத் துணை. எந்த வைரஸ் என்று கேட்காமல் இவற்றை நல்லவை, கெட்டவை என்று பிரிப்பது வீண் என்றே நான் நினைக்கிறேன்.

மனிதரிடம் விஷயம் இன்னும் சிக்கல். வேலூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. பாதிப் பேருக்கு முதலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், பிறகு எல்லோருக்கும் போலியோ சொட்டு மருந்து. ஆன்டிபயாடிக் பெற்றவர்களின் குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, அழற்சியும் தணிந்தது. ஆனால் அவர்களில் எதிர்ப்பு சக்தி பெற்றவர்கள் 50 சதவீதம். ஆன்டிபயாடிக் தரப்படாதவர்களில் 52. கிருமியை மருந்தால் துடைத்தால் சொட்டு மருந்து பலிக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. ஏமாற்றமான முடிவுதான், ஆனாலும் பல குழந்தைகளை வீணான ஆன்டிபயாடிக்கிலிருந்து காத்த முடிவு.

அதன் பிறகு கேள்வி பிறப்பை நோக்கி நகர்ந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான சொட்டு மருந்தை வேலூர், மலாவி, இங்கிலாந்துக் குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது. இந்தியாவிலும் மலாவியிலும், பிறந்த முதல் சில வாரங்களிலேயே குடலில் பலவகை பாக்டீரியாக்கள் குடியேறிய குழந்தைகளிடம் சொட்டு மருந்து குறைவாகப் பலித்தது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) மிகுந்திருந்த குழந்தைகளிடமும் அப்படியே.