தமிழ்99 உள்ளீட்டில் விசை மீள்நிகழ்வும் மெய் இரட்டித்தலும்

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, மெய்ம்மயக்க இலக்கணத்தின் ஒரு கூற்றைத் தட்டச்சு விதியாகவே ஏற்றுக்கொண்டது. ஒரே மெய்க்குரிய விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். எ, ட, உ என்பன 'எடு' ஆகும். எ, ட, ட, உ என்பன 'எட்டு' ஆகும். 'மமதை' போலப் புள்ளி வேண்டாத இடத்தில் இரு மகரங்களுக்கிடையே அகர விசையை அழுத்துதல் வேண்டும். எனவே இம்முறையில் 'இருமுறை அழுத்துதல்' என்னும் செயலே இலக்கணப் பொருள் உடையதாகிறது. அச்செயலைக் கணினி எவ்வாறு இனங்காண்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு விசையை விடாது அழுத்தியிருந்தால், சிறு காத்திருப்புக்குப் பின் அழுத்த நிகழ்வு மீண்டும் மீண்டும் நிரலுக்கு வந்துகொண்டிருக்கும். விண்டோசில் இக்காத்திருப்பை ஏறத்தாழ 250 மில்லிநொடி முதல் 1 நொடி வரை அமைக்கலாம். விரல் அழுத்தியது ஒருமுறையே. நிரல் பெறுவதோ பல நிகழ்வுகள். இவற்றை வேறுபடுத்தாத உள்ளீட்டு நிரலில், டகர விசையில் சற்றே தங்கிய விரல் 'எடு' என்பதை 'எட்டு' ஆக்கிவிடும். படு – பட்டு, விடு – விட்டு என்பனவும் இத்தகையன. இரண்டும் பொருளுடைய சொற்களாதலின் சொற்பிழை திருத்தி இதனைக் காட்டாது. தம்மொடு தாம் மயங்காத ரகர ழகரங்களில் நேரும் பிழை கண்ணுக்குப் புலப்படும். வல்லினத்தில் நேர்வது மறைந்தே கிடக்கும். முதுமையாலோ நடுக்கத்தாலோ விரலை விரைந்து எடுக்க இயலாதவர் உள்ளிட்ட பனுவலில் இரட்டித்தலை எண்ணிக் கணக்கிடும் ஆய்வாளர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

கால அளவைக்கொண்டு இதனைத் தீர்க்க முயல்வது பொருந்தாது. தேர்ந்த தட்டச்சர் மெய்யை இரட்டிக்கும் விரைவு, மீள்நிகழ்வின் விரைவை நெருங்கக்கூடும். இரு அழுத்தங்களுக்கிடையே விசை விடுபட்டதா என்பதே உரிய அளவுகோல். விண்டோசின் விசையழுத்தச் செய்தியோடு வரும் மதிப்பில் 30ஆம் பிட், அவ்விசை முன்பே அழுந்தியிருந்ததா என்பதைத் தெரிவிக்கும். கியூடி நூலகத்திலும் மீள்நிகழ்வை உணர்த்தும் குறி உண்டு. இத்தகைய குறி இல்லாத சூழலில், அழுந்தியுள்ள விசைகளின் பட்டியலை நிரலே வைத்திருக்கலாம். விசை விடுபடும்போது பட்டியலினின்று நீக்கலாம்.

இவ்வழியிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எக்ஸ்11 சாளர முறைமை, இயல்பான அமைப்பில், ஒவ்வொரு மீள்நிகழ்வுக்கு முன்னும் நிகழாத விடுப்பு ஒன்றையும் அனுப்பும். பட்டியல் அதனை மெய்யென நம்பும். விரல் உண்மையாக எழும்போது மட்டும் விடுப்பை அனுப்புமாறு அதன் விசைப்பலகை நீட்சியிடம் நிரல் முன்னரே கோரவேண்டும். மேலும், விசை அழுந்தியிருக்கையில் பயனர் வேறு சாளரத்திற்கு மாறினால் விடுப்புச் செய்தி வராமலே போகலாம்; அப்போது பட்டியலை வெறுமையாக்காவிடின், திரும்பி வந்தபின் தட்டும் முதல் எழுத்து விழுங்கப்படும்.

மீள்நிகழ்வை முற்றிலும் தடுத்தலும் முறையன்று. அழிப்பு விசையும் அம்பு விசைகளும் அதனையே நம்பியுள்ளன. மெய்விசைகளுக்கு மட்டும், விசை விடுபட்டு மீண்டும் அழுந்தியபோதே புள்ளி விதியைச் செயற்படுத்துதல் போதுமானது.