உங்களுக்குத் தெரியுமா? உப்பை விடாத சிறுநீரகம்

பதினாறே வயதுப் பெண்ணுக்குக் கடுமையான ரத்தக் கொதிப்பு. குடும்பத்தில் வேறு சிலருக்கும் அதே தொல்லை. 1963-ல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் இவர்களைப் பற்றி எழுதினார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகுந்தவர்களுக்குத்தான் வழக்கமாக இப்படி ஆகும். இவர்களுக்கோ அந்த ஹார்மோனே மிகக் குறைவு! ஆகவே அதைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மருந்து பலிக்கவில்லை. உப்பைக் குறைத்து, ட்ரையாம்டெரீன் என்ற மருந்தைக் கொடுத்ததும் ரத்த அழுத்தம் இறங்கியது.

காரணம் 1994-ல் பிடிபட்டது. சிறுநீரக நுண்குழாய்களின் சுவரில் சோடியம் நுழைய வாசல்கள் உண்டு. தேவை முடிந்ததும் செல் அவற்றைக் கழற்றி எடுத்துவிடும். அப்படிக் கழற்றுவதற்கான பிடி, வாசல் புரதத்தின் வால்நுனியில் இருக்கிறது. மரபணுப் பிழையால் இவர்களுக்கு அந்த வால்நுனி கெட்டுப்போகிறது. வாசல்கள் அப்படியே நிற்க, உப்பு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ட்ரையாம்டெரீனும் அமிலோரைடு என்ற மருந்தும் அந்த வாசலையே நேராக அடைக்கின்றன. பிற்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது கோளாறே மறைந்தது என்பது எத்தனை தெளிவான சாட்சி!

லிடில் நோய் எனப்படும் இது அபூர்வமானதுதான். பெரும்பாலோரின் ரத்தக் கொதிப்பில் பல நூறு மரபணுக்களுக்குச் சிறு சிறு பங்கு உண்டு. உப்பு, உடல் எடை போன்றவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் லிடில் நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இள வயதிலேயே அழுத்தம் கூடியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.