நடவுக்குப் பின் இடுப்புப் பிடிப்பு

வைகை அணை வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு நெல் பற்றிக் கேட்க வரும் உழவர்களில் சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். நாள் முழுதும் குனிந்து நடுவதாலும் களை பறிப்பதாலும் இடுப்புத் தசைகள் அயர்ந்து பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் காரணம் இவ்வளவே; எலும்பு தேய்ந்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை.

வலி கண்டதும் பாயில் படுத்துவிடாதீர்கள். பளு தூக்காமல், இயன்றவரை நடமாடி வாருங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். இவ்வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வயலில் இறங்குவது நம் பக்கத்து வழக்கம், நல்லதன்று. வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

காய்ச்சலுடன் வலி, கீழே விழுந்தபின் வலி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது, அன்றே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த போகத்தில் 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுங்கள். கோனோவீடரை நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம். கைப்பிடி தள்ளுபவரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் மறுபடியும் குனியத்தான் வேண்டும்.