ஆமையுடன் 'போட்டோ': டீக்கடையில் காட்டிய குமாஸ்தா திகைப்பு!

சென்னை,

பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்தால் முதல் இரண்டு நாள் வேலையா நடக்கிறது? எல்லோர் கையிலும் செல்போன். "இதைப் பாருங்க சார், அதைப் பாருங்க சார்" என்று ஊர் சுற்றிய படங்களைக் காட்டுவதுதான் நடக்கிறது. ஒரு பிலிம் ரோலில் 36 படம், கழுவி வாங்க ஒரு வாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஒரே பகலில் 300 படம்!

பாரிமுனை டீக்கடை ஒன்றில் ஒரு குமாஸ்தாவைச் சுற்றி நாலு பேர். அவர் குடும்பத்தோடு கோடியக்கரை போய் வந்தவர். உப்பளத்துத் தண்ணீரில் கூட்டமாக நிற்கும் பூநாரைகள், கேட்பாரில்லாமல் திரியும் குதிரைகள், முறுக்குக் கொம்புடன் வெளிமான். ஒவ்வொரு படத்துக்கும் "அடேங்கப்பா!" விழுந்தது.

(வெளிமானைப் பார்க்க 350 கிலோ மீட்டருக்கு மேல் போய் வந்திருக்கிறார். நம்ம கிண்டியிலேயே அது இருக்கிறது. அது வேறு விஷயம்.)

கடைசிப் படம்

ஊர் திரும்பிய மறுநாள் ராத்திரி பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்தது. மணலில் பெரிய ஆமை. அதன் முதுகில் கை வைத்தபடி அவரது மகன். பிளாஷ் வெளிச்சத்தில் படம் பளிச்சென்று விழுந்திருந்தது.

எல்லோரும் மெச்சினார்கள். ஆபீஸ் டிரைவர் மட்டும் மெச்சவில்லை. அவர் மீனவர் குப்பத்தில் பிறந்தவர்.

"முட்டை போட்டுச்சா சார்?"

"எங்கேப்பா! லைட்டைப் பார்த்ததும் கடலுக்குத் திரும்பிடுச்சு."

"கெடுத்தீங்களே சார். அது முட்டை போடத்தான் கரைக்கே வருது."

குமாஸ்தாவின் முகம் மாறியது.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் இந்த ஆமை, ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரியில் கரை ஏறும். பின்னங்காலால் குழி தோண்டி, சுமார் 100 முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுப் போகும். ஆள் சத்தமோ வெளிச்சமோ பட்டால் முட்டை இடாமலே திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகளுக்கும் வெளிச்சம்தான் எமன். வெளிச்சம் தெரிகிற பக்கம் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் ஊர்ந்துவிடும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான். இழுவை வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. இத்தனை கண்டம் தப்பிக் கரை சேர்ந்த ஆமையை ஒரு போட்டோவுக்காகத் திருப்பி விரட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஏழு ஆண்டு ஜெயில்

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் பட்டியலில் இருக்கிறது. பிடித்தாலும், காயப்படுத்தினாலும், முட்டையை எடுத்தாலும், முட்டை வைத்த குழியைக் கலைத்தாலும் 'வேட்டை' என்றே கணக்கு. 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். சாட்சிக்கு வேறு ஆள் தேட வேண்டாம். சொந்தச் செலவில் எடுத்த படமே போதும்!

முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்க வனத்துறையினர் இருக்கிறார்கள். 1988 முதல் மாணவர் குழுவினரும் சீசனில் ராத்திரி நடை நடந்து குழிகளைத் தேடுகிறார்கள். அவர்களோடு போனால் தொந்தரவு இல்லாமல் பார்க்கலாம்.

குமாஸ்தா படத்தை அழித்தார்.

"அழிச்சு என்ன சார்? வேற யாருக்கு அனுப்பினீங்க?" என்றார் டிரைவர்.

மூன்று குரூப்புக்கு அனுப்பியிருந்தார். இடத்தையும் எழுதியிருந்தார். பதில்களைத் தள்ளிப் பார்த்தார். மச்சான் எழுதியிருந்தார்: "சூப்பர் மாமா! இன்னிக்கு ராத்திரி பிள்ளைங்களோட நாங்களும் போறோம். பெரிய டார்ச் வாங்கியாச்சு."

டீயைக் கீழே வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார் குமாஸ்தா.