திண்டுக்கற் சமவெளியில் தர்ம வைத்தியசாலைகள்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று மேற்றிசை நோக்குவோர்க்குச் செம்மண் புலங்களும் ஆங்காங்கே ஏரிகளும், அவற்றிற்கப்பால் நீலநிறமாய்ப் பழனி மலைத்தொடரும் தோன்றும். பூட்டுக்கும், புகையிலைக்கும், தோல் பதனிடுதலுக்கும் இவ்வூர் பேர்பெற்றதென்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் இச்சமவெளியில் ஏழை மக்களின் பொருட்டு வைத்தியசாலைகள் எவ்வாறு தோன்றின, அவற்றிற்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றைக் கருதிப் பார்த்தவர் சிலரே. அதனை இங்கே சிறிது விரித்துரைக்க முயல்வோம்.

பிணியாளர்க்குத் தர்மமாய் மருந்திடும் சாலை மேனாட்டார் வந்தபின்னரே தமிழகத்திற்கு வந்ததெனச் சிலர் எண்ணுவர். அது பிழை. காஞ்சிபுரத்திற்கு அணித்தாயுள்ள திருமுக்கூடற் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. 11ஆம் நூற்றாண்டினதாகிய அக்கல்வெட்டு, 15 படுக்கைகளையுடைய ஓர் ஆதுலசாலையைக் குறிக்கின்றது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்வார், மூலிகை கொணர்வார், பிணியாளரைப் பேணும் பெண்டிர் ஆகிய இவர்க்கெல்லாம் இன்னின்ன அளவு நெல்லும் காசும் என்று அதில் வரையறுத்திருக்கின்றனர். ஆகவே மிஷனெரிமார் இந்நாட்டிற்குக் கொணர்ந்தது தர்மம் என்னும் எண்ணத்தையன்று. அதனைப் புதிய சாஸ்திரத்தோடு பொருத்திய ஒரு முறையையே என்பது எம் கருத்து.

அம்முறை நம் நாட்டிற்கு யாழ்ப்பாணத்தின் வழியாக வந்தது. அங்கே ஊழியஞ்செய்த அமெரிக்க மிஷனார் 1834இல் மதுரையிலும், அடுத்த ஆண்டிலேயே திண்டுக்கல்லிலும் தங்கள் வேலையைத் தொடங்கினர். தொடக்கத்தில் அவர்கள் பிறர் நோயைத் தீர்த்ததினும் தாங்கள் நோயுற்று மடிந்ததே மிகுதி. மதுரை மிஷனுக்கென வந்த வைத்தியராகிய ஸ்டீல் என்பாரே 1842இல் காலமானார். வாந்திபேதியும் காய்ச்சலும் குடும்பங்குடும்பமாய் வாரிக்கொண்டமையால், குளிர்ந்த இடம் ஒன்றை நாடி அவர்கள் பழனி மலைமீது ஏறி, 1845இல் முதல் வீடுகளை அமைத்தனர். இன்று உல்லாசப் பிரயாணிகள் நெருக்கும் கோடைக்கானல், உண்மையில் சமவெளியின் நோய்க்கு அஞ்சிப் பிறந்த ஊராகும்!

எட்வர்ட் செஸ்டர் ஐயர் 1859இல் இம்மிஷனுக்கு வந்தார். குருவும் வைத்தியருமாகிய இவர் திண்டுக்கல்லைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, 1902இல் மரிக்குமளவும் அவ்வூரோடே தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். அவர் நடத்திய மருந்துச்சாலையே இச்சமவெளியின் மிஷன் வைத்தியத்திற்கு வேராயிற்று. மருந்து கொடுத்தலோடு அமையாது, உள்ளூர் இளைஞரை வைத்திய உதவியாளராகப் பயிற்றுவித்தலையும் அவர் தம் கடமையாகக் கொண்டார். ஒரு வைத்தியர் எத்தனை கிராமங்களுக்குத்தான் மாட்டுவண்டியில் செல்லக்கூடும்?

அக்காலத்து வைத்தியரின் நிலையை நாம் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். செஸ்டர் ஐயர் வந்தபோது குளோரோபாரம் என்னும் மயக்க மருந்து வழங்கத் தொடங்கி 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. அறுத்த புண் அழுகாதபடி காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல்தான். வாந்திபேதியின் கிருமியைக் காக் என்பார் கல்கத்தாவில் ஆராய்ந்து நிலைநாட்டியது 1884இல்; காய்ச்சலைக் கொசு பரப்பும் வகையை ராஸ் என்பார் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். ஆகவே அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி, நோயின் மூலம் இன்னதென்று தெளிவாய் அறியப்படாத காலத்திலேயே நிகழ்ந்தது. கொயினா காய்ச்சலைத் தணிக்கும், அம்மைப்பால் வைசூரியைத் தடுக்கும், கட்டியை அறுக்கலாம், கண்ணிற் படலத்தை நீக்கலாம். வாந்திபேதி கண்டவனுக்கோ செய்யத்தக்கது மிகச் சிறிதே. உடலினின்று வெளிப்பட்ட நீரையும் உப்பையும் நரம்பின் வழியாகத் திரும்பச் செலுத்தும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கல்கத்தாவில் ரோஜர்ஸ் என்பாரால் செவ்வையாக வகுக்கப்பட்டது. இந்நிலையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் மெலிந்த உடல்களை வாந்திபேதி தொடர்ந்து தாக்கிற்று. கஞ்சியே முதல் மருந்தாயிருந்த அவ்வாண்டுகளில், மருந்துச்சாலையின் வாயிலில் நின்ற வைத்தியனின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

நிற்க. பொருள் எங்கிருந்து வந்தது? அமெரிக்கச் சபைகளின் காணிக்கையே அனைத்திற்கும் போதுமாயிருந்ததென்று நினைப்பது பெருந்தவறு. மிஷன் மருந்துச்சாலைகளுக்கு நகரசபையும் லோக்கல் பண்டு போர்டும் உதவித்தொகை அளித்து வந்தன. மதுரையின் செய்தி இதனினும் வியப்புடையது. 1888இல் அங்கு வந்த டாக்டர் வான் ஆலன் என்பாருக்குப் பழைய கட்டடம் போதாதாயிற்று. அவர் கடல்கடந்த தம் நாட்டாரை நோக்கிக் கை நீட்டாமல், தம்மைச் சூழ வாழ்ந்த ஜமீன்தாரிடமும் செட்டிமாரிடமும் சென்று கேட்டார். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் இந்துக்கள். கொடுத்தவரும் அவர்களே. அங்ஙனம் எழுந்ததுதான் 1897இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரி. இங்கிலாந்து இளவரசர் ஒருவரின் பெயர் தாங்கி, அமெரிக்கர் நடத்த, தமிழ்நாட்டு இந்துக்களின் பணத்தால் எழுந்த கட்டடத்தை யாருடையதென்று சொல்வது? வான் ஆலனின் பெயரையோ, கோடைக்கானலிலுள்ள வைத்தியசாலை இன்றும் தாங்கி நிற்கின்றது.

பெண்கள் ஆண் வைத்தியரை அணுக நாணிய காலம் அது. பிரசவ வேதனையில் உயிர் போயினும் போகட்டும், அயலான் முகம் பார்த்தல் ஆகாது என்றிருந்த வீடுகள் பல. இதனையுணர்ந்து 1885இல் பாலின் ரூட் அம்மையாரும், பின்னர் 1895இல் ஹாரியட் பார்க்கர் அம்மையாரும் மதுரைக்கு வந்து மாதர் வைத்தியத்தை நடத்தினர். திண்டுக்கற் கிராமங்களிலிருந்தும் வண்டிகட்டிச் செல்வோர்க்கு, 1875இல் போடப்பட்ட இருப்புப்பாதை பேருதவியாயிற்று.

இவ்விடத்தில் ஒரு குறையையும் எடுத்துரைத்தல் வேண்டும். தாய்மிஷனாகிய யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் டாக்டர் கிறீன் 1847 முதல் ஊழியஞ்செய்து, 60க்கு மேற்பட்ட இளைஞரை வைத்தியராக்கினார். 1864 முதல் அவர் தமிழிலேயே போதித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய பெருநூல்கள் அவரும் அவருடைய மாணவரும் உழைத்ததன் பயனாய்த் தமிழில் வெளிவந்தன. தம் மாணவர் சர்க்கார் உத்தியோகத்தை நாடி நகரங்களுக்கு ஓடாமல், கிராமத்தாரோடு கிராமத்தாராய் வாழ வேண்டுமென்பது அவர் நோக்கம். அவ்வழி நம் பக்கத்தில் வேரூன்றவில்லை. வைத்தியக் கல்வி முழுதும் ஆங்கிலத்திற்குள் அடங்கிற்று. ஆங்கிலம் அறிந்தவனோ கிராமத்தில் தங்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கையிற் சீட்டோடு, ‘ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்கும் கிழவியை நாம் இன்றும் காண்கிறோம் அன்றோ?

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றிற்று. மேனாட்டார் படிப்படியாய் நீங்க, மிஷன் ஸ்தாபனங்களை இந்நாட்டாரே நடத்தும் பொறுப்பு வந்தது. இனி இவை நிலைக்குமா என ஐயுற்றவர் பலர். அவ்வையத்திற்கு விடையளிப்பதுபோல், 1955இல் திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரி தோன்றிற்று. டாக்டர் தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் என்னும் இரு வைத்தியர், ‘கிறிஸ்தவ ஐக்கியம்’ என்ற குழுவின் சார்பில் அதனைத் தொடங்கினர். இருவரும் இந்தியர்; மலையாள நாட்டவர். நகரத்தில் நற்பொருள் ஈட்டத்தக்கவர்கள், காய்கறிச் சந்தையால் மட்டுமே வெளியுலகம் அறிந்த ஓர் ஊரை நாடி வந்தமை சிந்திக்கத்தக்கது. எளிய வாழ்வையே அவ்வைக்கியம் தன் ஒழுங்காகக் கொண்டது. பின்னர் டாக்டர் செரியன் அணித்தாயுள்ள அம்பிளிக்கையில் சமுதாயச் சுகாதார நிலையமொன்றை நிறுவினார். நோயாளி வாயிலுக்கு வருமளவும் காத்திராமல், நோய் பிறக்கும் கிணற்றடிக்கும் குடிசைக்கும் வைத்தியம் தானே செல்ல வேண்டும் என்பது இத்தகைய நிலையங்களின் கொள்கை.

இத்தொண்டு கிறிஸ்தவர்க்கே உரியதென்று நாம் பெருமை பேசலாகாது. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் காந்தியடிகளின் நெறிபற்றித் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அங்குள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்து இன்று முதியோராயிருப்பவர் இச்சமவெளியெங்கும் உளர்.

இத்தகைய ஆஸ்பத்திரிகளின் முன் இன்று நிற்கும் சிக்கல் செஸ்டர் ஐயர் கண்டதன்று. 2009 முதல் சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் பெருஞ்சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2022இல் திண்டுக்கல்லிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஒருபுறம் சர்க்கார் இலவசமாய் அளிக்கிறது. மறுபுறம் தனியார் ஆஸ்பத்திரிகள் செல்வரை ஈர்க்கின்றன. செல்வர் தரும் கட்டணத்தின் மிச்சத்தால் ஏழையைப் பேணுவதே தர்ம ஆஸ்பத்திரியின் பழைய கணக்கு. செல்வர் வாராதொழியின் அக்கணக்கு நிரம்பாது. கட்டணத்தை உயர்த்தினாலோ ஏழை வாயிலிலேயே திரும்பிவிடுவான். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இக்கணக்கை வென்று காட்டியதென்பர். உண்மையே. ஆனால் கண்படலம் ஒரே வகையான சிகிச்சையை ஆயிரக்கணக்கானோர்க்கு விரைந்து செய்ய இடந்தருவது. பிரசவமும், பாம்புக்கடியும், பூச்சிமருந்து உண்டவனும் அங்ஙனம் வரிசையில் நின்று வருவதில்லை. நள்ளிரவில் ஒருவனுக்காக வைத்தியர் ஒருவரும், தாதியர் இருவரும், சுவாசக் கருவி ஒன்றும் விழித்திருக்க வேண்டும். அவன் வாராத இரவிலும் அவர்கள் விழித்தே இருக்க வேண்டும். அவ்விழிப்பிற்கு விலையிடும் வழியை எவரும் இன்னும் செம்மையாய்க் கண்டிலர்.

திண்டுக்கல்லினின்று பழனி செல்லும் சாலையில் இரவில் பஸ்ஸேறுவோர், காய்கறி மூட்டைகள் ஏற்றிய லாரிகளுக்கிடையே ஒட்டன்சத்திரத்தைக் கடப்பர். தைப்பூசக் காலமாயின் காவடியோடு நடந்து செல்லும் அடியார் கூட்டம் அச்சாலை முழுதும் நிறைந்திருக்கும். அவருள் கால் கொப்புளித்தவரும், மயங்கி வீழ்ந்தவரும், வண்டியில் அடிபட்டவரும் முதலில் தேடுவது விளக்கெரியும் ஆஸ்பத்திரி வாயில் ஒன்றையே.