மான் என்று பெயர்... முதலை என்று பட்டம்!

மான் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் 'முதலை' என்று கூப்பிட்டார்கள். வண்டியோ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடியது... ஓடியது... இந்தோனேசியாவில் கிளம்பி நம்ம தெரு வரைக்கும் வந்துவிட்டது!

'டொயோட்டா கிஜாங்' என்றால் முழிப்பீர்கள். 'குவாலிஸ்' என்றால்? "அட, நம்ம டூர் வண்டி!" என்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், சார்.

1977-இல் இந்தோனேசியாவில் முதல் கிஜாங் வந்தது. கிஜாங் என்றால் அந்த ஊர் பாஷையில் மான். ஆனால் பார்ப்பதற்கு, பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் மாட்டினது போல இருந்தது! 1200 சி.சி.கூட இல்லாத பெட்ரோல் எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் பக்கத்துத் தகடும் சேர்ந்து 'ஆ'வென்று வாயைப் பிளக்கும். அதனால்தான் 'புவாயா', அதாவது முதலை என்ற பட்டம்.

ஏன் இப்படிச் சதுரமாகச் செய்தார்கள்? பி.காம். படித்த எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். தகட்டை வளைவு நெளிவாக அழுத்தி எடுக்கப் பெரிய பிரஸ் வேண்டும், அச்சு வேண்டும். அதில் போட்ட முதல், வண்டி ஏகப்பட்டது விற்றால்தான் திரும்பி வரும். சின்ன மார்க்கெட்டில் கட்டுப்படியாகாது. தகட்டை நேராக மடக்கி வெல்டிங் வைத்தால் செலவு குறைவு! முன்பக்கமும் சேஸிஸும் கம்பெனி கொடுக்கும். பின்னால் சீட்டும் கூண்டும் கட்டித் தருவது உள்ளூர்ப் பட்டறை. நம்ம கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்களே, அந்த மாதிரி. வண்டி மலிவு, பட்டறைக்கும் பிழைப்பு!

பிலிப்பைன்ஸில் இதன் உடன்பிறப்புக்கு 'தமராவ்' என்று பெயர். அது மிண்டோரோ தீவில் மட்டும் வாழும் குட்டை எருமை. (மான், முதலை, எருமை... வண்டியா, வண்டலூரா?) 1990-களில் 'தமராவ் எஃப்.எக்ஸ்.' மணிலாவில் ஷேர் டாக்ஸியாக ஓடி, ஷேர் வண்டிக்கே 'எஃப்.எக்ஸ்.' என்று பெயர் நிலைத்துவிட்டது. நாம் போட்டோகாப்பியை ஜெராக்ஸ் என்கிறோமே, அப்படி.

2000-இல் பெங்களூர் பக்கத்து பிடதி தொழிற்சாலையிலிருந்து குவாலிஸ் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே இந்தோனேசியாக்காரர்கள் வழுவழுப்பான புது கிஜாங்குக்கு மாறியாச்சு. நமக்கு வந்தது 1986 மாடல். முகம் மட்டும் புதுசு. "பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டாங்கப்பா!" என்று கிண்டல் கிளம்பியது.

ஆனால் வாங்கியவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையை எண்ணினான். எட்டு சீட்டு, பத்து சீட்டு, டீசல் எஞ்சின். நான் ஸ்கூல் படித்த நாளில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எட்டு சீட்டில் பதின்மூன்று பேர் போனோம். எவர்சில்வர் குடம் தனி! என் பெரியப்பா பையன் கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். விடியற்காலை அவனை இறக்கிவிடும் குவாலிஸ், டிரைவர் அண்ணன் கடன் வாங்கிப் போட்ட சொந்த வண்டி. "மாசம் டியூ கட்டி, மிச்சம் நிக்குது தம்பி!" என்பார். ஒரு வண்டியைப் பற்றி இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்குத் தெரியாது.

2005-இல் இன்னோவா வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸுக்கு விடைகொடுத்துவிட்டார்கள். 2016-இல் கிரிஸ்டா. 2022-இல் ஹைபிரிட் எஞ்சினோடு ஹைகிராஸ். சொகுசு ஏறியது, விலையும் ஏறியது. குற்றம் சொல்லவில்லை, நல்ல வண்டிதான். ஆனால் ஏழை நாட்டுக் குடும்பத்துக்காக டின் தகட்டில் பிறந்தது, பங்களாவுக்குக் குடிபோய்விட்டது. டிரைவர் அண்ணன் மாதிரி ஆளுக்கு அது இப்போது எட்டாத உயரம்.

யாராவது ஒரு புது முதலையைச் செய்யுங்களேன், சார்! அது வாயைப் பிளந்தால் பரவாயில்லை... விலையைக் கேட்டு நாங்கள் பிளக்காமல் இருந்தால் சரி!